சிறு பெயிண்ட் வேலைக்கு மினி ஸ்ப்ரே கன்: ஓர் இருசக்கர வாகனப் பட்டறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர்ப் பக்கம் உள்ள ஒரு டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை. உரிமையாளர், ஒரு பெயிண்டர், கூடமாட உதவிக்கு ஒரு பையன். முழு வண்டி பெயிண்ட் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். மற்றதெல்லாம் ஸ்கூட்டர் சைடு பேனல், மட்கார்டு, கண்ணாடி மூடி, ஹெல்மெட் போன்ற சில்லறை வேலைகள்.

கருவி என்று பார்த்தால் 1 எச்.பி பெல்ட் கம்ப்ரசர், அதற்கு 50 லிட்டர் டேங்க். 1.4 மி.மீ நாசிலும் (பெயிண்ட் வெளிவரும் துளை) 600 மி.லி கப்பும் கொண்ட ஒரு பெரிய கன். காற்றுக்குச் சுருள் ஹோஸ். தண்ணீர் வடிகட்டியைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டியிருந்தார்கள்.

சில்லறை வேலையில் பெயிண்ட் வீணாவதுதான் உரிமையாளரின் முதல் குறை. கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. ஒரு சைடு பேனல் கால் சதுர மீட்டர் என்று வைப்போம். பேஸ்கோட், அதாவது நிறம் தரும் பெயிண்ட், காய்ந்தபின் 15 மைக்ரான் கனம் வேண்டும். அடிக்கும் பதத்தில் கலந்த பேஸ்கோட்டில் கெட்டிப்பொருள் கன அளவில் 12 சதவீதம் என்றால், பேனலில் உட்கார வேண்டியது 31 மி.லி. பழைய முறை கன்னில் கப்பிலிருந்து போவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூடவோ குறையவோதான் பொருளில் ஒட்டும். மீதி புகையாகப் போகும். ஆக 31 மி.லி உட்கார 100 மி.லி ஊற்ற வேண்டியிருக்கிறது. பெரிய கப்பின் அடியில் தங்குவதும், கன் கழுவும் தின்னரும் தனி. மூன்றில் இரண்டு பங்கு ஒட்டும் கன்னாக இருந்தால் 50 மி.லி போதும்.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய கன்னிலிருந்து பெயிண்ட் விரிந்து விழும் விசிறி ஒரு சாணுக்கு மேல் அகலம். மட்கார்டு விளிம்பைத் தொடும்போது பாதி காற்றில் போய்விடும், பக்கத்தில் மறைத்து வைத்த காகிதம் நனைந்து வழியும்.

முதல் மினி கன்னும் அதில் கண்டவையும்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த 0.8 மி.மீ நாசில், 125 மி.லி கப் கொண்ட ஒரு கன்னை உரிமையாளர் வாங்கினார். நாசில் சிறியதானால் பெயிண்ட் குறையும், வேலை நைசாக வரும் என்பது கணக்கு. சில வாரங்களில் நான்கு குறைகள் தெரிந்தன.

சில்வர் மெட்டாலிக் திட்டுத் திட்டாக, மேகம் படர்ந்தது போல் வந்தது. விசிறி நேராக விழாமல் ஒரு பக்கம் கனத்தது. ஹார்ட்னர் கலந்து நிறத்துக்கு அடியில் அடிக்கும் 2கே பிரைமர் போகவே இல்லை. பெயிண்டர் தின்னரைக் கூட்டிக் கூட்டித் தண்ணீராக்கி அடித்தார். அப்படி அடித்த பிரைமர் இரண்டு நாளில் உள்வாங்கி, பட்டி தேய்த்த கோடுகள் பேஸ்கோட்டுக்கு மேலேயே தெரிந்தன. நான்காவது, நிறத்துக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கும் கிளியரில். பேனலின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வருவதற்குள் முதல் வரிசை வறண்டுவிட்டது. மேலே விழுந்த தூறல் கரையாமல் சொரசொரப்பாக நின்றது.

"அண்ணே, காத்து பத்தல. கம்ப்ரசர மாத்தணும்" என்பது பெயிண்டரின் தீர்ப்பு. 3 எச்.பி கம்ப்ரசருக்கு விலை விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. அதற்கு முன் இருப்பதை அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவானது.

காற்றை அளந்தது

கம்ப்ரசரின் தகட்டில் 4.5 சி.எஃப்.எம், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 127 லிட்டர், என்று போட்டிருந்தது. அது பிஸ்டன் தள்ளும் கணக்கு. வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதைக் கடிகாரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். வெளி வால்வை மூடிவிட்டு, டேங்க் மீட்டரில் பிரஷர் 3 பாரிலிருந்து 5 பாருக்கு ஏற எத்தனை நொடி என்று பார்த்தார்கள். 75 நொடி. 50 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறியது என்றால் உள்ளே போனது 100 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 80 லிட்டர், அதாவது 2.8 சி.எஃப்.எம்.

பெரிய கன்னுக்கு 8 சி.எஃப்.எம், சுமார் 226 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 146 லிட்டர் பற்றாக்குறை. கம்ப்ரசர் 7 பாரில் நிற்கும். 3 பார் வரை இறங்கலாம் என்றால் டேங்கில் இருக்கும் கையிருப்பு 200 லிட்டர். ஒன்றேகால் நிமிடம் கடந்து சில நொடியில் அது தீர்ந்துவிடும். மினி கன்கள் கேட்பது 2 முதல் 4.5 சி.எஃப்.எம். மேல் அளவான 4.5-ஐயே எடுத்துக்கொண்டாலும் பற்றாக்குறை 47 லிட்டர்தான். ட்ரிக்கரை விடாமல் பிடித்தாலும் நாலு நிமிடம் தாங்கும். கால் சதுர மீட்டர் பேனலில் ஒரு கை, அதாவது ஒரு கோட், அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மினி கன்னுக்கு இந்தக் கம்ப்ரசர் போதும் என்று கணக்கு சொன்னது. பிறகு ஏன் காற்று பத்தவில்லை?

கன்னின் அடியில் ஒரு சிறு மீட்டரை மாட்டி, ட்ரிக்கரை முழுதாக இழுத்தபடி பார்த்ததும் விடை கிடைத்தது. கம்ப்ரசர் ரெகுலேட்டரில் 2 பார், கன்னில் 1.1 பார். ட்ரிக்கரை விட்டால் இரண்டு மீட்டரும் 2 காட்டின. காற்று ஓடாதபோது மீட்டர் சொல்வதை நம்பித்தான் பல பட்டறைகளில் பிரஷர் வைக்கிறார்கள்.

குற்றவாளி சுருள் ஹோஸ். வெளி அளவு 8 மி.மீ என்றாலும் உள்துளை 5 மி.மீதான், சுருளைப் பிரித்தால் நீளம் 10 மீட்டருக்குப் பக்கம். காற்றடிக்கும் துப்பாக்கிக்கும் டயருக்கும் அது சரி. அதை எடுத்துவிட்டு உள்துளை 8 மி.மீ உள்ள நேரான ரப்பர் ஹோஸும், துளை பெரிதான கப்ளரும் போட்டதும் கன்னில் 1.8 பார் நின்றது. செலவு, கம்ப்ரசர் விலையில் ஒரு துளி.

ஹோஸ் மாறியதும் மெட்டாலிக் திட்டு பெருமளவு குறைந்தது. முன்பு காற்று குறைந்ததால் துளிகள் பெரிதாக, ஈரமாக விழுந்தன. அலுமினியத் தூள் அந்த ஈரத்தில் நீந்தி ஒதுங்கித்தான் மேகம் விழுந்தது. ஆனால் ஒருபக்கக் கனமும் கிளியர் வறட்சியும் அப்படியே நின்றன.

நாசில் உதடு

ஒருபக்கக் கனத்துக்கு ஒரு நிமிடச் சோதனை உண்டு. செய்தித்தாளில் ஒரு நொடி அடித்து விசிறியின் உருவத்தைப் பார்ப்பது. நாசிலைச் சுற்றிக் காற்றை விடும் முன்மூடியான ஏர் கேப்பை அரைச்சுற்று திருப்பி மறுபடி அடிப்பது. கனம் பக்கம் மாறினால் ஏர் கேப்பின் கொம்புத் துளையில் அடைப்பு. மாறாமல் அதே பக்கம் நின்றால் கோளாறு நாசிலில், அல்லது அதன் துளையைத் திறந்து மூடும் நீடிலில்.

இங்கே கனம் வலப்பக்கமே நின்றது. நாசிலைக் கழற்றி, மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது உதட்டில் ஒரு கீறல் தெரிந்தது. காய்ந்த கிளியரைப் பையன் ஊக்கால் நோண்டியிருந்தான். 0.8 மி.மீ துளையில் முடி அளவு கீறல் போதும், பெயிண்ட் அந்தப் பக்கம் சாயும். நீடில் நேராகவே இருந்தது. கண்ணாடித் தட்டில் உருட்டினால் முனை ஆடவில்லை.

நாசில் மட்டும் வாங்கினால் தீர்ந்தது. ஆனால் அந்த மாடலுக்கு நாசில் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. உதிரி கிடைக்காத கன், விலை என்னவானாலும், ஒரு கீறலோடு முடிந்துபோகும். வேறு கன் வாங்குவது என்று முடிவானது இதனால்தான்.

தேர்வு

மூன்று வகைகள் மேசைக்கு வந்தன.

0.5 மி.மீ நாசிலும் மிகச் சிறிய கப்பும் கொண்ட பேனா வகை. கோடு போட, டிசைனுக்கு, கீறல் நிரப்ப நல்லது. பேனலுக்கு ஆகாது என்று உடனே விலக்கப்பட்டது.

இரண்டாவது, 1.0 மி.மீ நாசில், 125 மி.லி கப், எச்.வி.எல்.பி வகை. இந்த வகையில் காற்று மிகுதி, ஆனால் ஏர் கேப்பில் பிரஷர் 0.7 பாருக்கு மேல் போகாது. அதனால் புகை குறைந்து பெயிண்ட் பொருளில் ஒட்டுகிறது. கன் நுழைவாயிலில் 2 பார், 4 சி.எஃப்.எம் சொச்சம்.

மூன்றாவது, அதே உடலில் 1.2 மி.மீ நாசில், 250 மி.லி கப்.

கிளியர் வறட்சிதான் முடிவைத் தீர்மானித்தது. 0.8-இல் துளையின் பரப்பு 1.2-இல் பாதிகூட இல்லை. கடலூரில் கோடைப் பகலில் 35 டிகிரி வெயில். அந்த ஓட்டத்தில் கிளியரை அடித்தால் பக்கத்து வரிசை விழுவதற்குள் முந்தையது தோல் கட்டும். நாசில் சிறியதானால் நைஸ் என்ற நினைப்பு பேஸ்கோட்டுக்கு ஓரளவு பொருந்தும், கிளியருக்கு நேரெதிர். கிளியர் தானே பரவிச் சமமாக வேண்டும், அதற்குப் போதிய ஈரம் ஒரே மூச்சில் விழ வேண்டும்.

உரிமையாளர் 1.0 கன்னை வாங்கி, கூடவே 1.2 நாசில், நீடில், ஏர் கேப் செட்டையும் எடுத்தார். இந்த மூன்றையும் ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும். நாசிலை மட்டும் மாற்றினால் நீடில் சரியாக உட்காராமல் சொட்டும். பிரைமருக்கு மினி வேண்டாம் என்றும் முடிவு. அதைப் பழைய 1.4 கன்னே செய்யும். தின்னர் ஊற்றிப் பிரைமரை நாசிலுக்கு ஏற்ப வளைப்பதைவிட நாசிலைப் பிரைமருக்கு ஏற்ப எடுப்பதே சரி.

கப் மூடி நெளியாமல் இருக்கிறதா, பேக்கிங் தின்னரில் ஊறாத வகையா என்பதையும் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர்க் கலப்பு பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் நாசிலும் நீடிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை, இருந்தும் செட் அந்த உலோகத்திலேயே கிடைத்தது.

கடையிலேயே செய்த சோதனை

பணம் கொடுக்கும் முன் கப்பில் கால்வாசி தின்னர் ஊற்றி ஐந்து நிமிடம் தொங்கவிட்டார்கள். நாசில் முனையிலோ ட்ரிக்கருக்குப் பின்னாலுள்ள பேக்கிங் நட்டிலோ கசிவு இல்லை. ட்ரிக்கரைப் பிடித்தபோது கப்பில் குமிழி வரவில்லை. வந்தால் நாசில் சரியாக உட்காராமல் காற்று பெயிண்ட் பாதைக்குள் போகிறது என்று பொருள்.

அடுத்து வழியவிடும் சோதனை. ஏர் கேப்பின் கொம்புகளை மேலும் கீழுமாகத் திருப்பினால் விசிறி படுக்கையாக விழும். ஒரு தகரத்தில் கன்னை அசைக்காமல், பெயிண்ட் வழியும்வரை அடிக்க வேண்டும். வழிந்த கோடுகள் இடமிருந்து வலம் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் பங்கீடு சரி. நடுவில் மட்டும் நீண்டால் பிரஷர் குறைவு, அல்லது பெயிண்ட் கெட்டி. இரு ஓரமும் நீண்டு நடு வற்றினால் பிரஷர் அதிகம். இரண்டு கன்களை இப்படிப் பார்த்து, கோடுகள் சமமாக வந்ததை எடுத்தார்கள். ஒரே மாடல், ஒரே பெட்டி, ஆனாலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது.

முதல் வேலை

சாம்பல் மெட்டாலிக் ஸ்கூட்டரின் ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் சைடு பேனல். பட்டி தேய்த்து, 1.4 கன்னில் பிரைமர் அடித்து, 800 வாட்டர் பேப்பரில் தேய்த்துத் தயாராக இருந்தது.

பேஸ்கோட் 60 மி.லி கலந்து 125 மைக்ரான் வடிகட்டியில் ஊற்றினார்கள். 1.0 செட். கன்னில் ட்ரிக்கர் இழுத்த நிலையில் 1.8 பார். பெயிண்ட் திருகை முழுதாக மூடி, பிறகு இரண்டு சுற்று திறந்தார்கள். தூரம் 12 செ.மீ, பெரிய கன்னில் பழகிய கை தானாகவே 20 செ.மீக்குப் போனது, பெயிண்டருக்கு இதுதான் கடினமாக இருந்தது. மினியில் அந்தத் தூரத்தில் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து தூளாக விழும். இரண்டு கை மூடுவதற்கு, இடையே பத்து நிமிடம். மூன்றாவதாக, சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லிய ஒரு கை, அலுமினியத் தூள் ஒரே சீராகப் படிய. மேகம் இல்லை. கப்பில் கொஞ்சம் மிஞ்சியது.

கிளியருக்கு 1.2 செட் மாற்றினார்கள். நாசிலை இறுக்கும்போது நீடிலை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஸ்பானர் போட வேண்டும். நீடில் முனை உள்ளே இருக்க இறுக்கினால் நாசிலின் வாய் விரிந்துவிடும். கிளியர் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் ஹார்ட்னர், வெயிலுக்கு ஸ்லோ தின்னர், திருகு இரண்டரைச் சுற்று. முதல் கை மிதமாக, இரண்டாவது முழு ஈரமாக. பளபளப்பு நன்றாக வந்தது.

ஆனால் காய்ந்தபின் கீழ் மூலையில் ஊசிமுனைக் குழிகள் ஏழெட்டு. தண்ணீர். வடிகட்டி கம்ப்ரசர் வாயிலேயே இருந்ததால் அங்கே காற்று சூடாக இருந்தது. ஈரம் ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டி, ஹோஸில் குளிர்ந்தபின் தண்ணீரானது. கடற்கரை ஊரில் இது தப்பாது. கம்ப்ரசரிலிருந்து ஆறு மீட்டர் இரும்புப் பைப் சுவரில் ஓட்டி, அதன் முனையில் வடிகட்டியை மாட்டி, தினமும் காலையில் கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் விடும் பழக்கம் வந்ததும் குழிகள் நின்றன.

பெட்ரோல் டேங்கில் தடுமாற்றம்

பேனல் நன்றாக வந்த துணிச்சலில் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்கையும் மினியிலேயே அடித்தார்கள். பக்கங்கள் சரியாக வந்தன. மேல் முதுகில், இரு பக்கத்து வரிசைகளும் சந்திக்கும் இடத்தில், கிளியர் சொரசொரப்பாக ஒரு பட்டை. வலப்பக்கம் தொடங்கிச் சுற்றி வருவதற்குள் முதுகின் ஈரம் போய்விட்டது. நடுவில் 125 மி.லி கப் தீர்ந்து மறுபடி நிரப்பிய நேரமும் சேர்ந்தது. கன்னைச் சாய்த்தபோது கப் மூடியின் காற்றுத் துளை வழியே ஒரு சொட்டு டேங்க் மேல் விழுந்ததும் அதே நாளில்தான்.

அந்தப் பட்டையை 1500, 2000 பேப்பரில் தேய்த்து, காம்பவுண்ட் போட்டும் சரியாகவில்லை. கிளியர் அங்கே மெலிந்துபோனது. முழு டேங்கையும் தேய்த்துப் பெரிய கன்னில் கிளியர் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. பெரிய கன் இழுக்கும் காற்றுக்குக் கம்ப்ரசர் ஒரு நிமிடம் சொச்சம்தான் தாங்கும் என்பதால், கம்ப்ரசர் டேங்க் நிறைந்து மோட்டார் நின்றபின் தொடங்கி, ஒரு கை முடிந்ததும் மீண்டும் நிறையவிட்டு அடித்தார்கள். வந்தது.

இதற்குப் பின் ஓர் எல்லை வகுத்தார்கள். ஒரே வீச்சில் கை போக வேண்டிய நீளம் முழங்கை அளவைத் தாண்டினாலோ, சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டிய உருவமானாலோ கிளியருக்குப் பெரிய கன். ஹெல்மெட் சுற்று உருவம்தான், ஆனால் சிறியது; சுழல் மேசையில் வைத்து மினியிலேயே முடிகிறது.

பிறகு நடந்தது

சில்லறை வேலையில் பேஸ்கோட் கலக்கும் அளவு ஏறக்குறையப் பாதியானது. மறைப்புக் காகிதமும் குறைந்தது. நேரம் குறையவில்லை, விசிறி சிறியதால் ஒரு பேனலுக்கு முன்பைவிடக் கூடுதலாகவே ஆகிறது. இதை முதலில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

1.0 செட் சில வாரத்தில் டப்பாவுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பேனலுக்கும் நடுவில் செட் மாற்றப் பொறுமை இல்லாமல், 1.2-இலேயே திருகை ஒன்றரைச் சுற்றுக்குக் குறைத்துப் பேஸ்கோட் அடிக்கத் தொடங்கினார் பெயிண்டர். முடிவில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதில் அவர் செய்தது சரி.

கழுவும் முறையும் மாறியது. 2கே கிளியர் முடிந்த பத்து நிமிடத்துக்குள் தின்னர் ஊற்றி அடித்து, நாசிலையும் ஏர் கேப்பையும் கழற்றி மென்பிரஷ்ஷில் தேய்ப்பது. துளைக்குப் பல் குச்சி மட்டும். ஊக்குக்கும் கம்பிக்கும் தடை. முழுக் கன்னையும் தின்னர் டப்பாவில் ஊறப்போடுவதும் நிறுத்தப்பட்டது. அதில் பேக்கிங் உப்பி, காற்றுப் பாதையில் அழுக்கு ஏறும்.

இதே வேலையை மறுபடி தொடங்கினால்

கன் வாங்கும் முன்பே கம்ப்ரசரை 75 நொடிச் சோதனை போல் அளந்து, ஹோஸின் உள்துளையைப் பார்த்திருக்க வேண்டும். ஹோஸ் முதலிலேயே மாறியிருந்தால் முதல் கன்னின் மெட்டாலிக் மேகத்துக்குக் கம்ப்ரசர் மேல் பழி விழுந்திருக்காது. கன்னடியில் மீட்டர் என்பது ஆடம்பரமில்லை.

1.2 செட் ஒன்றே இந்தப் பட்டறைக்குப் போதும், 0.8 கன்னுக்கும் 1.0 செட்டுக்கும் போன பணம் மிச்சமாகியிருக்கும். கோடு, டிசைன் வேலை அதிகம் உள்ள இடத்தில் கணக்கு வேறு. கப் 250 மி.லி எடுத்திருக்கலாம், கை கொஞ்சம் கனக்கும், நடுவில் நிரப்பும் தொல்லை இராது. கப் மூடியைச் சுற்றித் துணிப் பட்டை கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது, சொட்டு விழுவதில்லை.

இதுவரை சரியாகாதது முகமூடி. மினி கன்னில் புகை குறைவு என்பதால் பெயிண்டர் துணியைக் கட்டிக்கொண்டே அடிக்கிறார். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது; துணியும் தூசு மாஸ்க்கும் அதைத் தடுக்காது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவிலேயே மூச்சுத் திணறும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி சிறந்தது. அது இல்லாதவரை, கரிமஆவி கேட்ரிட்ஜும் முன்வடிகட்டியும் உள்ள, முகத்தில் இறுகப் பொருந்தும் முகமூடி, கதவு இரண்டும் திறந்து, காற்று வெளியே இழுக்கும் ஃபேன். ஃபேன் வந்துவிட்டது. கேட்ரிட்ஜ் முகமூடிக்கு ஆர்டர் போயிருக்கிறது. அது வரும்வரை கிளியர் வேலையைப் பட்டறைக்கு வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நின்று செய்யச் சொல்லியிருக்கிறார் உரிமையாளர்.